யார் வழி வந்தது?

நம் வீடுகளில் ஒரு வியாதி வந்துவிட்டால் முதல் கேள்வி, "எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "யார் வழியில் வந்தது?" முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வியோ வருஷக் கணக்கில் வீட்டுக்குள்ளேயே குந்தியிருக்கும். பந்தியில் இலை போடும்போது எழுந்து வரும். தீபாவளிப் பலகாரத் தட்டை நீட்டும்போது எழுந்து வரும்.

என் தங்கை வீட்டில் அந்தக் கேள்வி ஒன்றரை வருஷமாகக் குடியிருக்கிறது. அவளுக்கு இரண்டு குழந்தைகள். பையனுக்கு 14 வயது. 3 வயதிலிருந்து இளைப்பு. பனியடித்தாலும் புழுதி பறந்தாலும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். பெண்ணுக்கு 9 வயது. போன வருஷம் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இரவில் படுக்கையை நனைத்தாள். மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப் போயிற்று. வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அவளுக்குப் பேச்சுக் குழறிக் கொண்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து மீட்டுக் கொடுத்தார்கள். அன்று முதல் தினம் நான்கு வேளை இன்சுலின் ஊசி.

தங்கையின் மாமியார் நல்லவர். பேத்திக்கு ஊசி போடும்போது அந்த அறையில் நிற்க மாட்டார். கொல்லைப்புறம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் நாக்கு வேறு, கண் வேறு. "எங்க வம்சத்திலே சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரை வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இளைப்பும் கிடையாது. இவங்க அப்பாதான் மார்கழி பிறந்தா மூணு தலையணை வெச்சுச் சாஞ்சுக்கிட்டே விடியவிடிய உட்கார்ந்திருப்பாராம்" என்பார். அது உண்மைதான். எங்கள் அப்பா அப்படி உட்கார்ந்திருந்ததை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இளைப்பு எங்கள் வழி. ஆகவே சர்க்கரையும் எங்கள் வழி. ஒரு மூட்டையில் இரண்டு சாமான். இதுதான் அந்த அம்மாளின் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அம்மாளுக்கே 12 வருஷமாகச் சர்க்கரை உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போடுகிறார். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, "அது வயசாலே வந்தது." தங்கை ஒரு நாள் என்னிடம் கொதித்தாள்: "அண்ணா, அதை ஒரு தடவை எடுத்துச் சொன்னா என்ன?" வேண்டாம் என்று தடுத்தேன். மரியாதைக்காக அல்ல, அது சரியான வாதமே அல்ல என்பதற்காக. பெயர்தான் ஒன்று, இரண்டும் வேறு வேறு வியாதிகள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற சர்க்கரையில், உடம்பு இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அது சரியாக வேலை செய்யாது, போகப்போகப் போதாமலும் போகும். குழந்தைக்கு வந்திருக்கிற முதல் வகையில் இன்சுலின் சுரக்கிற செல்களே அழிந்துபோகின்றன. அழிப்பது வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. கிருமிகளிடமிருந்து உடம்பைக் காக்க வேண்டிய ரத்தத்தின் காவற்படையே, கணையத்தில் இருக்கிற அந்தச் செல்களைப் பகைவர் என்று எண்ணித் தீர்த்துக் கட்டிவிடுகிறது.

போன புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், நாங்கள் எல்லோரும் கொல்லிமலைக்குப் போனோம். அறப்பளீசுவரரைத் தரிசிக்க என்பது வெளியில் சொன்ன காரணம். உள்காரணம் எனக்குப் புறப்படுவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது. மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார், ஒரு மண்டலம் பொடி சாப்பிட்டால் ஊசியையே விட்டுவிடலாம் என்று யாரோ சம்பந்தியம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் அரை மனசாகத் தலையசைத்திருக்கிறார். தினம் நான்கு தடவை மகளைக் குத்துகிற தகப்பனின் மனசு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணா, நீ கூட வந்தே ஆகணும்" என்று தங்கை சொன்ன குரலில் எல்லாம் இருந்தது.

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம் வந்தால் மலை எதிரே மதில் போல எழுந்து நிற்கிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி நட்டிருக்கிறார்கள். முப்பதாவது வளைவு வரைக்கும் குழந்தைகள் இருவரும் உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். நாற்பதுக்கு மேல் பெண்ணின் குரல் நின்றது. பிறகு வாந்தி. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்ட இட்லி முழுக்க வெளியே வந்துவிட்டது.

மற்றக் குழந்தையாக இருந்தால் முகத்தைக் கழுவிவிட்டு வண்டியை ஓட்டச் சொல்லியிருப்போம். இங்கே அப்படி இல்லை. போட்ட மருந்து உடம்புக்குள் வேலை செய்கிறது. அது செலவழிக்க வேண்டிய சாப்பாடு பாதையோரத்தில் கிடக்கிறது. தங்கை விரல் நுனியைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். 58. குழந்தையின் மேலுதட்டில் வேர்வை, கை நடுக்கம். குளுகோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் துளித்துளியாகக் கொடுத்துக் கால் மணி காத்திருந்து மறுபடி பார்த்தோம். 84. அந்தக் கால் மணி நேரத்தில் மஞ்சுப் புகை வந்து சாலையை மூடியது. அந்தக் குளிர்காற்றுக்குப் பையனின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது. வண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை கருவியும் குளுகோஸுமாக, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இன்ஹேலரும் கையுமாக. நடுவில் நின்ற தங்கை என்னைப் பார்த்து, "ரெண்டும் ஒரே வயித்திலே பிறந்ததாலே இப்படியா, இல்லே தனித்தனியா வந்ததா? அதை மட்டும் யாராவது சொன்னாத் தேவலை" என்றாள்.

அது வீண் கேள்வி அல்ல. விஞ்ஞானிகள் பல வருஷங்களாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பதில் நடுவில் ஒரு முறை தலைகீழாகப் புரண்டும் இருக்கிறது.

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குக் கொல்லிப்பாவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சங்கப் பாடல்களிலேயே வருகிறவள். தவம் செய்த முனிவர்களை அசுரர்கள் வந்து வதைக்காமலிருக்க மலையில் நிறுத்தி வைத்த பாவை என்பது கதை. பகைவரின் வாடை பட்டால் சிரிப்பாள். சிரிப்பில் மயங்கி நெருங்குகிறவன் செத்துப்போவான். மலையில் இருக்கிற எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று அங்கே சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு சந்தேகம். வந்தவன் அசுரனா, விறகு பொறுக்க வந்த குடியானவனா என்று பாவை எப்படித் தெரிந்துகொள்வாள்? நம் உடம்புக்குள் இருக்கிற பாவைக்கும் இதே சங்கடம்தான். பூந்துகளோ தூசியோ வந்தால் அது தீங்கில்லாத விருந்தாளி. அதைப் பார்த்துச் சிரித்தாளானால் இளைப்பு, கரப்பான், மூக்கில் ஓயாத நீர். இதற்கு வியன்னாவில் இருந்த பிர்க்கே என்ற குழந்தை வைத்தியர் 1906-ல் அலர்ஜி என்று பெயரிட்டார். சொந்த வீட்டாரையே பார்த்துச் சிரித்தாளானால் முதல் வகைச் சர்க்கரை போன்ற வியாதிகள். அப்படி உடம்பு தன்னையே தாக்காது, அந்த விபரீதத்துக்கு அது அஞ்சும் என்று ஜெர்மனியின் பெரிய ஆராய்ச்சியாளர் பால் எர்லிக் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அஞ்சும்தான், ஆனால் சில உடம்புகளில் அந்த அச்சம் தெளிந்துவிடுகிறது.

1986-ல் மாஸ்மன், காஃப்மன் என்ற இருவர், சுண்டெலிகளின் காவற்படையில் உதவிச் செல்கள் இரண்டு பிரிவாக இருப்பதைக் கண்டார்கள். ஒரு பிரிவு ஓங்கினால் மற்றது ஒடுங்கும். அலர்ஜி இரண்டாவது பிரிவின் வேலை. சர்க்கரைக்குக் காரணமான தாக்குதல் முதல் பிரிவின் வேலை. ஆகவே இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று இருக்கும் உடம்பில் மற்றது வருவது குறைவு என்று பல வருஷம் நம்பினார்கள். அழகான கொள்கை. ஆனால் 2001-ல் நார்வே ஆராய்ச்சியாளர்கள் இருவர் நாடு நாடாகக் கணக்குப் போட்டபோது, இளைப்பு மிகுந்த நாடுகளில்தான் குழந்தைச் சர்க்கரையும் மிகுந்திருந்தது. தராசாக இருந்தால் இப்படி இருக்கக் கூடாது.

2020-ல் ஸ்வீடனிலிருந்து வந்த கணக்கு என் தங்கைக்கென்றே எழுதியது போல இருந்தது. 2001 முதல் 2015 வரை பிறந்த 12 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை வைத்துக்கொண்டு, இளைப்புள்ள பிள்ளையின் கூடப்பிறந்த பிள்ளைக்கு முதல் வகைச் சர்க்கரை வருவது கூடுதலா என்று பார்த்தார்கள். கூடுதல்தான், சுமார் கால் பங்கு. குடும்பத்தில் ஏதோ பொதுச் சரக்கு இருக்கிறது என்பது தெளிவாயிற்று. இதைப் படித்ததும் சம்பந்தியம்மாள் ஜெயித்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. பிறகு கணக்கை நிதானமாகப் பார்த்தேன். ஆயிரம் பிள்ளைகளில் நான்கு பேருக்கு வருகிற வியாதி, ஐந்து பேருக்கு வருகிறது. அவ்வளவுதான் அந்தக் கால் பங்கு. மற்ற 995 பிள்ளைகள் இளைப்புக்கார அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறார்கள்.

ஜீன்களின் கதையும் இப்படித்தான், எவர் பக்கமும் முழுத் தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் வகைச் சர்க்கரையில் பெரிய பங்கு ஆறாவது குரோமோசோமில் இருக்கிற எச்.எல்.ஏ. என்ற ஜீன் கூட்டத்துக்கு. யார் நம்மவர், யார் அந்நியர் என்று காவற்படைக்கு அடையாளம் காட்டுகிற ஜீன்கள் அவை. அவற்றில் டி.ஆர்.3, டி.ஆர்.4 என்று இரண்டு வகைகள் இந்த வியாதிக்கு இடம் கொடுப்பவை. ஒன்று இருந்தால் ஆபத்து கொஞ்சம். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் மிகுதி. இரண்டும் எப்படிச் சேரும்? ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. "யார் வழி?" என்ற கேள்வியே அங்கே முறிந்து போகிறது. இந்த வியாதி வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதி, அல்லது அதிலும் குறைவு.

இளைப்போடு பங்கு போடுகிற இடமும் உண்டு. பதினேழாவது குரோமோசோமில் ஒரு பகுதி, குழந்தை இளைப்புக்குக் காரணம் என்று 2007-ல் கண்டார்கள். அதே பகுதி முதல் வகைச் சர்க்கரையிலும் தலைகாட்டுகிறது. ஆனால் இளைப்புக்கு இடம் கொடுக்கிற எழுத்து, சர்க்கரைக்குக் கொஞ்சம் தடை போடுகிறதாம்! தாத்தாவின் இளைப்பு வழியாக வந்த அந்தச் சரக்கு பேத்திக்குக் கெடுதல்தான் செய்தது என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

இரண்டும் ஒரே வேரில் பிறக்க முடியும் என்பதற்கு ஒரு கொடிய சாட்சி உண்டு. அபூர்வமாகச் சில ஆண் குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை, உடம்பெல்லாம் கரப்பான், ஓயாத பேதி, உணவு அலர்ஜி எல்லாவற்றோடும் துடிக்கின்றன. ஃபாக்ஸ்-பி-3 என்ற ஒரே ஒரு ஜீன் பழுதானதால் அவ்வளவும் என்று 2001-ல் தெரிந்தது. பாவையின் சிரிப்பை அடக்கி வைக்கிற காவல் செல்கள் சில உண்டு. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அவற்றைக் கண்டவர். அந்தச் செல்களை உருவாக்குவது இந்த ஜீன். அது இல்லாவிட்டால் பாவை வீட்டாரையும் பார்த்துச் சிரிக்கிறாள், விருந்தாளியையும் பார்த்துச் சிரிக்கிறாள். நாங்கள் மலையிலிருந்து இறங்கிய அடுத்த வாரம், 2025 அக்டோபர் 6-ம் தேதி, சகாகுச்சிக்கும் அந்த ஜீனைக் கண்ட மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்ற இரு அமெரிக்கர்களுக்கும் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அறிவித்தார்கள். செய்தித்தாளை மடித்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

ஜீன் மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. குழந்தைச் சர்க்கரையில் உலகத்துக்கே முதலிடம் பின்லாந்துக்கு. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் கரேலியாவில் ஏறக்குறைய அதே ஜீன்களோடு வாழ்கிறவர்களிடம் அது ஆறில் ஒரு பங்குதான். அலர்ஜியும் அங்கே குறைவு. மண்ணும் மாடும் கிருமியும் கலந்த ஏழை வாழ்வில் பாவைக்கு உண்மையான அசுரர்களோடு பழக்கம் ஏற்பட்டு நிதானம் வருகிறது என்று ஒரு கருத்து. நம் சென்னையிலும் 2010-ல் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒன்று கண்டார்கள். அவர்கள் பரிசோதித்த முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஒருவரிடம்கூட யானைக்கால் புழுவின் அடையாளம் இல்லை. மற்றவர்களில் சிலரிடம் இருந்தது. அதற்காக யானைக்காலை வரவேற்கச் சொல்கிறார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. புழுவில்லாமல் அதன் உபகாரத்தை மட்டும் பெறுவது எப்படி என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வைத்தியரிடம் வருகிறேன். செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர வீடு. வாசலில் முடவாட்டுக்கால் கிழங்குகள் குவிந்திருந்தன. ரோமத்தோடு, நிஜமாகவே ஆட்டுக்கால் போல. பெரியவர் மலையாளிப் பழங்குடிக்காரர். அதிகம் பேசவில்லை. வேலியில் படர்ந்த ஒரு கொடியிலிருந்து இரண்டு இலை கிள்ளிக் குழந்தையிடம் கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்தார். குழந்தை கண்ணை அகல விரித்தாள். "மாமா, மண்ணு மாதிரி இருக்கு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். பையனும் தின்று பார்த்தான். நானும் தின்றேன். சிறுகுறிஞ்சான், அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றே பெயர். நாக்கின் இனிப்புச் சுவையைக் கொஞ்ச நேரத்துக்கு முழுக்கக் கொன்றுவிடுகிறது. சம்பந்தியம்மாளின் முகம் மலர்ந்தது. நாக்கில் செத்த சர்க்கரை ரத்தத்திலும் செத்துவிடும் என்று அவர் நம்பத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பொடிக்கு விலை பேசும்போது மாப்பிள்ளைதான் கேட்டார்: "ஐயா, இதைச் சாப்பிட்டா ஊசியை நிறுத்திடலாமா?"

பெரியவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, "பாப்பாவுக்கு ஊசியா? பொடி பெரியவங்களுக்குன்னு நினைச்சேன். ஊசி சங்கதி டாக்டரைக் கேட்டுக்குங்க. நான் நிறுத்துன்னும் சொல்லலே, போடுன்னும் சொல்லலே" என்றார்.

அந்த இரண்டுங்கெட்டான் பதில்தான் எனக்கு அச்சம் தந்தது. அதிலிருந்து அவரவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். "நிறுத்தாதேன்னு சொல்லலையே" என்று சம்பந்தியம்மாள் மெதுவாகத் தொடங்கினார்.

தங்கை அதுவரை மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. தோளில் மாட்டியிருந்த மருந்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நிறுத்தினா நாலு நாள். மறுபடி அந்த ஐ.சி.யூ. வாசல். இந்தத் தடவை உள்ளே போன பிள்ளை திரும்பி வரும்னு யார் கையெழுத்துப் போட்டுத் தருவாங்க? நீங்க போடுவீங்களா, இவர் போடுவாரா?" என்றாள். யாரும் பேசவில்லை.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ ஆஸ்பத்திரியில் லியோனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி பலிக்கவில்லை. சரியாகச் சுத்தம் செய்யாத மருந்து; போட்ட இடத்தில் சீழ்க்கட்டியதுதான் மிச்சம். 12 நாள் கழித்து, காலிப் என்ற ரசாயன நிபுணர் சுத்தம் செய்து கொடுத்ததைப் போட்ட பிறகு பையன் தேறினான். அதற்கு முன்பு இந்த வியாதி வந்த குழந்தையைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாளை நீட்டலாம்; வேறு வழி கிடையாது. நூறு வருஷமாகியும் அந்த ஊசிக்குப் பதிலாகச் சாப்பிடத்தக்க ஒரு பொடியோ இலையோ எந்த மலையிலிருந்தும் வரவில்லை. சிறுகுறிஞ்சான் நல்ல மூலிகையாகவே இருக்கட்டும். சுரக்கிற செல்லே இல்லாத இடத்தில் அது எதைத் தூண்டும்?

மாப்பிள்ளை பொட்டலத்தை வாங்கித் தம் தாயாரிடம் கொடுத்தார். "உங்களுக்கு ஆகுமான்னு டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கம்மா" என்றார். அறப்பளீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள்; இரு பிள்ளைகளையும் உத்தேசித்து, கேட்ட இரைச்சலோடு திருப்தியடைந்து திரும்பினோம்.

இப்போது வீட்டில் வேறு கேள்வி. கூடப்பிறந்தவருக்கு இந்தச் சர்க்கரை வந்திருந்தால் மற்றப் பிள்ளைக்கு வர நூற்றுக்கு ஐந்தாறு வாய்ப்பு உண்டு. வியாதி வெளிப்படுவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் அதன் தடயங்களைப் பார்த்துவிடலாம். இரண்டு தடயம் இருந்தால் பெரும்பாலும் வந்தே தீரும். தள்ளிப்போடுகிற மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தார்கள். அது சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போடும். அந்த மருந்து நம்மைப் போன்றவர்களின் கைக்கெட்டும் விலையில் இல்லை. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்கிறார் மாப்பிள்ளை. தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் பேச்சுக் குழறுகிற வரைக்கும் போகாதே என்கிறாள் தங்கை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தங்கை பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் குத்தப் போவது என் விரலை அல்ல. ஆகவே பையனையே கேட்டேன்.

அவன் இன்ஹேலரை ஒரு முறை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அரைப் பரீட்சை முடியட்டும் மாமா" என்றான்.